சுண்ணாம்பு வைத்த மூட்டைகள்

எங்கள் ஊர்ப் பக்கம் வெள்ளைக் கழிச்சல் வந்து கோழியெல்லாம் கழுத்து மடங்கிச் செத்ததே, அந்தப் பங்குனியில் நடந்தது இது. கோயிலில் பங்குனிப் பொங்கலுக்கு அறுக்கச் சேவல் கிடையாது. பிழைத்துக் கிடந்த ஒன்றிரண்டையும் தொடப் பயந்தார்கள். பாதி வீடுகளில் கத்தரிக்காய்க் குழம்போடு திருவிழா முடிந்தது. எந்த வருஷம் என்று நம்பர் போட்டுக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கோழி செத்த வருஷம் என்றால் எம்.ரெட்டியபட்டியில் யாரும் சொல்லிவிடுவார்கள்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் என்று வையுங்கள். மத்தியானம் மூன்று மணி. எங்கள் ஊருக்கும் திருச்சுழிக்கும் நடுவில் அப்போது ஒரு நூல் மில் ஓடியது. பேர் வேண்டாம். அந்த மில் குடோனுக்கு முன்னால் மூன்று லாரி நிற்கிறது.

தகரக் கூரை. உள்ளே போனால் அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருக்கும். நூல் மூட்டையைத் தோளில் வாங்க வாங்க, பஞ்சுத் தூசி வேர்வையில் ஒட்டிக்கொண்டே வரும். சாயங்காலம் பார்த்தால் பத்துப் பேருக்கும் ஒரே நாளில் நரைத்திருக்கும்.

நான் அங்கே லோடுமேன். பத்துப் பேர் கொண்ட எங்கள் கூட்டத்துக்கு நான் தலை. மற்ற நாளில் குடோன் பக்கமே வராத மேனேஜர் அன்றைக்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்களோடு நின்றார். எல்லோருக்கும் எலுமிச்சம்பழ சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

"நாளைப் பொழுது அடையறதுக்குள்ள ஒரு மூட்டை இருக்கக் கூடாது குருசாமி. எல்லாம் வடக்கே போற லோடு."

நாங்களும் ஏற்றினோம். முதல் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு டிரைவர் பாண்டி ஏறி உட்கார்ந்தான். என் வீட்டுக்காரிக்குத் தூரத்து உறவு, என்னை மாமா என்பான். வெளியூர் லோடு கிளம்பும்போது சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அன்றைக்குப் பழம் இல்லை.

"என்னடா பாண்டி, பழம் வைக்கலயா?"

"பழம் விக்கிற வெலையில லாரிக்கு வேறயா மாமா? எல்லாம் நீங்க குடிச்ச சர்பத்துல போயிருச்சு."

"வடக்க போற வண்டிடா."

"நம்ம வண்டிக்கு வடக்கயும் ஒண்ணுதான், தெக்கயும் ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் அதே வண்டி அடுத்த லோடுக்கு வந்து நின்றது. வடக்கே போன வண்டி திரும்ப நாலைந்து நாள் ஆகும். நான் அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். ஏற்றுகூலி கையில் விழுகிற நாளில் மனசு அதையெல்லாம் துருவிக் கேட்காது.

விரல் குறி

இந்தச் சுண்ணாம்புக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் புரியாது.

எங்கள் கூலி மூட்டைக் கணக்கு. சூப்பர்வைசர் நோட்டில் குறிப்பார். நோட்டு எனக்கு வாசிக்க வராது. அதனால் எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். மடியில் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா எப்போதும் இருக்கும். பத்தாவது மூட்டை ஏறும்போது அதன் வலது மூலையில், வாய்த் தையலுக்குக் கீழே, சுண்ணாம்பு தொட்ட விரலால் ஓர் அழுத்து. அந்த மூட்டையை மட்டும் பொட்டு வெளியே தெரிகிற மாதிரி ஓரமாக அடுக்கச் சொல்வேன். கடைசியில் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், எத்தனை வெள்ளைப் பொட்டோ அத்தனை பத்து. சூப்பர்வைசர் ஒரு மூட்டை குறைத்து எழுதினாலும் பிடித்துவிடுவேன். "படிக்காத ஆடிட்டர்" என்று என்னைக் கேலி செய்வார்கள்.

இது என் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் வேங்கடசாமி என்ற நிலபுலன் உள்ள சம்சாரி வீட்டில் பண்ணை வேலை பார்த்தவர். களத்தில் கம்பு அடித்து அம்பாரமாகக் குவித்ததும் சாணியைக் கரைத்துக் குவியலைச் சுற்றிக் கோடு இழுத்துவிடுவார்கள். யாராவது ஒரு கை அள்ளினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு இழுப்பது என் அப்பா. மறுநாள் வந்து கோட்டைப் பார்ப்பது வேங்கடசாமி. கோடு சரியாக இருந்தால் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அதுதான் அவர் பாராட்டு.

என் அப்பா அவரை முதலாளி என்பார். நான் மில்லுக்குப் போன பிறகு ஒருநாள் துணிந்து அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு, "என்னலே?" என்று கேட்டார். அதிலிருந்து அண்ணாச்சிதான்.

இரண்டு மேனேஜர்கள்

கம்பெனிக்குக் கணக்கு வருஷம் மார்ச்சோடு, பங்குனி நடுவிலேயே முடிந்துவிடும். நமக்குச் சித்திரையில் பிறக்கும். கம்பெனி வருஷம் முடிகிற அந்தப் பத்துப் பதினைந்து நாளில்தான் மேனேஜர்களுக்கு வேலை அதிகம்.

இந்த மேனேஜருக்கு முன்னால் வேறொருவர் இருந்தார். அவர் லாபத்தை ஒளித்தவர். மில் நன்றாக ஓடிய காலம் அது. லாபம் தெரிந்தால் தீபாவளிக்குப் போனஸ் கூடுதலாகக் கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். பங்குனியில் லோடு போகும், ஆனால் சீட்டு போகாது. போன லோடுக்குச் சித்திரையில் தேதி போட்டுச் சீட்டு எழுதுவார். சங்கத்துக்காரர்கள் போய்க் கேட்டால் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். அந்தத் தீபாவளிக்கு எங்களுக்கு ஒரு வேட்டி வந்தது. ஒரு தடவை துவைத்ததும் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

"மில்லு நட்டத்தில ஓடுதுல்ல, அதான் வேட்டியும் சுருங்கிருச்சு" என்று எங்கள் கூட்டத்து முனியாண்டி சொன்னான்.

சர்பத் வாங்கிக் கொடுத்த மேனேஜர் இதற்கு நேர் எதிர். இவர் காலத்தில் மில்லில் லாபமே இல்லை. ஆனால் லாபம் காட்ட வேண்டியிருந்தது. மாற்ற வேண்டிய மிஷின் சாமான்களை மாற்றாமல், துணியைப் போட்டு மூடி வைத்தார்கள். ரிப்பேர் செலவு சித்திரைக்குத் தள்ளிப் போனது. கேண்டீன்காரரிடம் மாசி மாதத்து பில்லுக்குச் சித்திரைத் தேதி போட்டு எழுதி வாங்கினார்கள். கழிவுப் பஞ்சை நல்ல பஞ்சோடு சேர்த்து அடுக்கி எடை போட்டார்கள். இதெல்லாம் எங்கள் கண் முன்னால் நடந்தது. சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தோம். இதற்கு ஒரு கணக்கு இருக்கும் என்று தோன்றவில்லை.

மதுரையிலிருந்து ஆடிட்டர் ஆபீஸ் ஆள் ஒருவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. காலியாகக் கிடந்த குடோனை எட்டிப் பார்த்தார். லாரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நாங்கள் பத்துப் பேரும் வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தோம். மூட்டை எங்கே போனது என்று மூட்டை தூக்கினவனிடம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் வடக்கே என்றுதான் சொல்லியிருப்பேன்.

"நீ மூட்டயப் பாக்குறவன்"

பொங்கல் அன்றைக்குக் கோயில் பந்தலில் வேங்கடசாமி அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். அப்போது அவருக்கு எழுபது இருக்கும். வீட்டுக்காரம்மா இல்லை. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், மண்ணைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். மூன்று வருஷமாக மழை சரியில்லை. கிணற்றில் இறங்கினால் கரண்டைக் கால்தான் நனையும்.

"ஏலே குருசாமி, ஒண்ணு கேக்கணும். சாமி முன்னால நிக்கோம், மழுப்பாமச் சொல்லணும்."

"கேளுங்கண்ணாச்சி."

"மில்லு எப்படி ஓடுது?"

"எதுக்குக் கேக்குறீக?"

"ரோட்டோர நாலு ஏக்கரக் கேக்காக. ரெண்டாவது மில்லு கட்டப் போறாகளாம். ரொக்கமாத் தரலையாம், பங்குப் பத்திரமாத் தாராகளாம். வருசா வருசம் லாபத்துல எனக்கு வருமாம். மேனேஜரு புத்தகம் போட்டுக் காட்டுனாரு, லாபம் ஏறி ஏறிப் போயிருக்கு. மேகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு இது தேவலயில்ல?"

"படிச்சவுகளக் கேளுங்கண்ணாச்சி. எனக்கென்ன தெரியும்?"

"படிச்சவன் காயிதத்தப் பாப்பான். நீ மூட்டயப் பாக்குறவன். குடோன்ல எம்புட்டுக் கெடக்கு? அத மட்டும் சொல்லு."

எனக்குப் பெருமையாக இருந்தது. என் அப்பா இழுத்த கோட்டைப் பேசாமல் பார்த்துவிட்டுப் போகிற மனுஷன், என்னிடம் வாய்விட்டுக் கேட்கிறார்.

"ஒண்ணு கூட இல்லண்ணாச்சி. தூத்துப் பெருக்கிக் கெடக்கு. எல்லாம் வித்துப் போச்சு. நாந்தான் ஏத்துனேன்."

அவர் தலையை ஆட்டினார். கேட்டைத் தாண்டிய மூட்டை விற்ற மூட்டை என்றுதான் நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். நிலத்துக்கு வைகாசியில் பத்திரம் பதிவதாகப் பேசி முடித்தார்கள்.

பிரியாத தையல்

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். பாண்டியின் லாரி வந்தது. ஏற்றுவதற்கு அல்ல, இறக்குவதற்கு.

முதல் வரிசையில் நாலாவது மூட்டையைத் தோளில் வாங்கியபோது கன்னத்தில் ஏதோ நறநறவென்றது. கீழே இறக்கிப் பார்த்தேன். வலது மூலையில், தையலுக்குக் கீழே, காய்ந்த சுண்ணாம்பு. என் விரல் ரேகை அதில் அப்படியே இருந்தது.

லாரியைச் சுற்றி வந்தேன். அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெள்ளை. எல்லாம் என்னுடையது. அடுத்த லாரியிலும் அப்படியே.

மேனேஜரிடம் போனேன்.

"சார், இது நாம அனுப்புன மூட்டையில்ல?"

"ஆமா, பார்ட்டி திருப்பிட்டான். நூல் சரியில்லையாம்."

"வாய்த் தையலு பிரிக்கவே இல்லையே சார். பிரிக்காம எப்படிப் பாத்தாக?"

அவர் என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டுப் போனார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். மெத்தை வைத்த நாற்காலி. இடுப்பில் இருக்கிற தூசி ஒட்டிவிடுமே என்று நுனியில் உட்கார்ந்தேன்.

"கேட்டைத் தாண்டுனா வித்ததுதான் குருசாமி. கணக்கு அப்படித்தான் எழுதுவாங்க."

"திரும்பி வந்தா?"

"அது அடுத்த வருஷக் கணக்கு."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. கத்தவில்லை, மிரட்டவில்லை. மேசை மேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார். "போன வருஷத்தை விட லாபம் கூடக் காட்டணும்னு மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க. காட்டலைன்னா பேங்க்ல லோன் நிக்கும். லோன் நின்னா பஞ்சு வராது. பஞ்சு வரலைன்னா நீங்க எல்லாரும் எங்க போவீங்க? அடுத்த வருஷம் நூல் விலை ஏறும். சத்தமில்லாமச் சரிக்கட்டிருவேன். யார்கிட்டயும் பேசாதே."

வெளியே வந்து பாண்டியைப் பிடித்தேன். "எங்கடா கெடந்துச்சு இம்புட்டு நாளு?"

"திருச்சுழிக்கு இந்தப் பக்கம் பூட்டிக் கெடக்குல்ல பழைய பஞ்சு ஆலை, அங்கதான். பில்லு மேனேஜர் மச்சினன் பேருக்கு. அங்க எறக்க வேற ஆளு." வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டே, "பத்து மைலுக்கு எதுக்கு மாமா எலுமிச்சம்பழம்?" என்றான்.

அந்த மாதமே என்னை மேஸ்திரியாகப் போட்டார்கள். மாதச் சம்பளம், தூக்க வேண்டியதில்லை, நின்று சொன்னால் போதும். எதற்காகப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மோர்

வைகாசி பிறந்தது. பத்திரத்துக்கு இரண்டு நாள் இருந்தது. நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். போகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"வாலே. என்ன இந்த வெயில்ல?"

"சும்மாத்தான் அண்ணாச்சி. பத்திரம் என்னைக்கு?"

"நாளக்கழிச்சு. திருச்சுழி ஆபீசுல."

"கொஞ்சம் பொறுத்துப் பண்ணலாமே."

"ஏன்?"

"ஆடி கழியட்டுமேன்னு."

"ஆடிக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. இப்ப என்ன?" அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஒன் பேச்சக் கேட்டுத்தானலே நான் சரின்னேன். ஒரு மூட்ட இல்ல, நானே ஏத்துனேன்னு சொன்னேல்ல?"

"ஆமா. சொன்னேன்."

"பொய்யா?"

"இல்லண்ணாச்சி. ஏத்துனது நெசந்தான்."

அது உண்மை. ஏற்றியது நிஜம்தான். மேனேஜர் எழுதிய கணக்கும் அப்படித்தான். ஏற்றியதுவரை எழுதியிருந்தார், திரும்பி இறங்கியதை எழுதவில்லை. நானும் இறங்கியதைச் சொல்லவில்லை.

அவரே உள்ளே போய்ச் செம்பில் மோர் கொண்டுவந்தார். வெங்காயம் நறுக்கிப் போட்டு, கல் உப்பு கரையாமல் அடியில் கிடந்தது. அந்த வீட்டில் என் அப்பாவுக்கு எப்போதும் கையில்தான் ஊற்றுவார்கள், குனிந்து குடிப்பார். எனக்குச் செம்பு. முழுசாகக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி பேச்சி கேட்டாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

"சொல்லிட்டீகளா?"

"போயிட்டு வந்தேன்."

"என்ன சொன்னாக?"

"மோர் குடுத்தாக."

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கூழாங்கல்

நூல் விலை ஏறவில்லை. திரும்பி வந்த மூட்டையெல்லாம் புது வருஷக் கணக்கில் பள்ளமாக நின்றது. அந்தப் பள்ளத்தை மூட அடுத்த பங்குனியில் முன்னைவிட அதிக மூட்டை கேட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. மூன்று லாரி ஆறானது. பூட்டிக் கிடந்த ஆலையில் இடம் போதாமல் இன்னொரு குடோனையும் பிடித்தார்கள். அண்ணாச்சிக்கு முதல் வருஷ லாபப் பங்கு என்று கொஞ்சம் கொடுத்தார்கள். அதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

அந்தப் பங்குனியில் நான் மூட்டைகளில் சுண்ணாம்பு வைக்கவில்லை. மடியில் கூழாங்கல் போட்டு எண்ணிக்கொண்டேன். மேனேஜர் வைக்காதே என்று சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நானாகவே நிறுத்தினேன்.

முனியாண்டி மட்டும் கேட்டான். "என்ன மேஸ்திரி, வெத்தலய விட்டுட்டீகளா?"

"பல்லு கூசுது" என்றேன்.

அதற்கும் அடுத்த வருஷம் மில் நின்றது. ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு. மேனேஜர் முந்தின வாரமே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். சில நாள் கழித்து பேங்க்காரர்கள் வந்து கேட்டில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் நாலைந்து பேர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். வாசிக்கத் தெரிந்தவன் யாரும் அந்நேரம் இல்லை.

அண்ணாச்சி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"என்னலே எழுதியிருக்கு?"

"தெரியலண்ணாச்சி. வாசிச்சுச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்களுக்காகச் சத்தமாக வாசித்தார். இன்ன கட்டடம், இன்ன மிஷின், இத்தனை ஏக்கர் நிலம், ஏலம். நிலத்து நம்பர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். விரலை அந்த இடத்தில் வைத்தார். திரும்ப ஒருமுறை, மெதுவாக, அந்த நம்பரை மட்டும் வாசித்தார்.

"என் நம்பரும் இதுல இருக்குலே" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். சொல்லி ஆவது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒனக்கு இனிமே வேல?" என்று மட்டும் விசாரித்தார். அடுத்த தை மாதம் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். நான் வேலைக்குப் போயிருந்த நாளில் வந்து பேச்சியிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

இப்போது குமாரலிங்கபுரத்துப் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று டீக்கடையில் பேச்சு. நல்லபடியாக வரட்டும், நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் எனக்கு அண்ணாச்சி ஞாபகம் வந்துவிட்டது. அவர் வீட்டு போன் நம்பர் என்னிடம் இல்லை. மகன் நம்பர் ஒன்று இருந்தது, அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டவர்கள், இந்தப் பத்திரிகை திருப்பூருக்கும் போகும் என்று சொன்னார்கள். அங்கே இருக்கிறவர்கள் யாராவது பார்த்தால் தெரியும். உயரமான ஆள், எண்பதை ஒட்டி இருக்கும், இரண்டு காதிலும் கடுக்கன் போட்டுத் தூர்ந்துபோன ஓட்டை. எம்.ரெட்டியபட்டி வேங்கடசாமியா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் இதை வாசித்துக் காட்டுங்கள். அவ்வளவு நேரம் இல்லையென்றால் இது மட்டும் போதும். மூட்டை திரும்பி வந்தது குருசாமிக்குச் சித்திரையிலேயே தெரியுமாம். மோர் குடித்த அன்றைக்கும் தெரியுமாம்.